மரம், துணி, கார் எஞ்சின்: ஏர் கேம்பர் பற்றி வாசகர் கேட்டவை

சென்ற இதழில் பீட்டன்போல் ஏர் கேம்பர் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செர்ரி குரோவ் என்ற சிற்றூரைச் சேர்ந்த பெர்னார்ட் பீட்டன்போல், ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினை மாட்டி 1929-ல் பறக்கவிட்ட, துணி போர்த்திய மர விமானம் அது. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, தலைக்கு மேலே ஒற்றை இறக்கை, மூடியில்லாத காக்பிட். 1932-ல் ஒரு பத்திரிகையின் ஆண்டுமலரில் வரைபடம் வெளியானது. இன்றும் ஆட்கள் வரைபடம் வாங்கி வீட்டில் கட்டுகிறார்கள். இறக்கை நுனிக்கு நுனி 29 அடி, நீளம் 18 அடிக்குக் கொஞ்சம் குறைவு, ஆளும் பெட்ரோலும் இல்லாத வெற்று எடை பெரும்பாலும் 600 முதல் 700 பவுண்டு. கட்டுரையைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: கார் எஞ்சினிலேயே பறக்கும் என்றால், பழைய மாருதி 800 எஞ்சினைப் போட்டால் என்ன? மாடல் ஏ-யும் 40 ஹெச்.பி.தானே? (கோவை)

பதில்: ஹெச்.பி. கணக்கு மட்டும் போதாது, அது நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்பதுதான் விஷயம். மாடல் ஏ 3.3 லிட்டர் எஞ்சின். காரில் 2,200 சுற்றில் 40 ஹெச்.பி. கொடுக்கும். ஏர் கேம்பரில் அதை 2,000 சுற்றுக்குள்ளேயே வைத்து, 76 அங்குல விட்டமுள்ள மரப் புரொப்பெல்லரை கியர் எதுவும் இல்லாமல் நேரே கிராங்கில் (எஞ்சினின் சுழல்தண்டு) மாட்டி ஓட்டுகிறார்கள். 1,800 சுற்றில் அந்தப் புரொப்பெல்லரின் நுனி நொடிக்கு ஏறக்குறைய 600 அடி வேகத்தில் போகும். பாதகமில்லாத வேகம்.

மாருதி 800-ன் முழுச் சக்தி வர 5,000 சுற்றாவது வேண்டும். அதே புரொப்பெல்லரை அதில் நேரே மாட்டினால் நுனி வேகம் 1,650 அடி. ஒலியின் வேகமே 1,120 அடிதான். இரைச்சல் காதைப் பிளக்கும், இழுவை கிடைக்காது, புரொப்பெல்லரும் தாங்காது. நுனி வேகத்தை அடக்க அதை மூன்றேகால் அடிக்கு வெட்டினால், வேகமாகப் போகும் குட்டி விமானத்துக்கு வேண்டுமானால் உதவும். இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட்டும் கம்பியும் வெளியே தெரிய 70, 75 மைல் வேகத்தில் போகிற வண்டிக்குக் கொஞ்சமான காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவதே பலன் தரும். ஆக, பெல்ட்டோ கியரோ வைத்துச் சுற்றைக் குறைத்தாக வேண்டும். அமெரிக்காவில் சுஸுகி மூன்று சிலிண்டர் எஞ்சினை அப்படிச் சிறு விமானங்களில் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் எடையும் முறுக்கு அதிர்வும் கூடவே வந்து சேரும். முதல் விமானம் கட்டுகிறவர் எஞ்சின் ஆராய்ச்சியையும் சேர்த்துத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

பீட்டன்போலே 1960-களில் செவர்லே கோர்வேர் கார் எஞ்சினுக்கு மாறினார். 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர் படுக்கை எஞ்சின், காற்றாலேயே குளிர்வது. இதையும் நேரே மாட்டலாம். இதில் பார்க்க வேண்டியது கிராங்க். காரில் கிராங்குக்கு முறுக்கு மட்டும்தான். விமானத்தில் புரொப்பெல்லர் அதை வளைக்கவும் பார்க்கிறது. மூக்கைச் சட்டென்று திருப்பும்போதெல்லாம் அந்த வளைவு விசை புரொப்பெல்லர் பக்கத்துக் கடைசி ஜர்னலில், அதாவது கிராங்க் பேரிங்குக்குள் சுழலும் பகுதியில் போய் விழும். விரிசல் விடுவது அங்கேதான். ஆகவே கிராங்கை நைட்ரைடிங் செய்து (நைட்ரஜன் ஏற்றி மேற்பரப்பைக் கடினமாக்கி), முன்பக்கம் கூடுதலாக ஐந்தாவது பேரிங் ஒன்றும் வைக்கிறார்கள். "கார் மெக்கானிக் ஓவர்ஹால் பண்ணித் தந்தார்" என்ற அளவில் கோர்வேரை மாட்டாதீர்கள்.

எந்த வம்பும் வேண்டாம் என்றால் கான்டினென்டல் ஏ-65. விமானத்துக்கென்றே செய்த எஞ்சின், 2,300 சுற்றில் 65 ஹெச்.பி., எடை ஏறக்குறைய 170 பவுண்டு. விலை கூடுதல். லேசான எஞ்சின் என்பதால் எடைமையம், அதாவது விமானத்தின் எடை சமன்படும் இடம், நகரும் சிக்கலும் உண்டு, அதைக் கீழே பார்க்கலாம்.

கேள்வி: 40 ஹெச்.பி.யில் இரண்டு பேர் உண்மையிலேயே பறக்க முடியுமா, சும்மா சொல்கிறார்களா? (மதுரை)

பதில்: மினசோட்டாவின் குளிரில், நீளமான புல்தரையில், ஒல்லியான இருவர் பறந்திருக்கிறார்கள். 38 டிகிரி வெயிலில் கடல் மட்டத்து ஓடுபாதையிலேயே காற்று ஏறக்குறைய 2,700 அடி உயரத்தில் இருப்பதுபோல் மெலிந்துவிடும். எஞ்சின் சக்தியில் 8 சதவீதம் அங்கேயே போய்விடும். எஞ்சின் கொடுப்பதில் பெரும்பகுதி விமானத்தை மட்டமாகப் பறக்க வைப்பதற்கே செலவாகிறது, மிச்சம் இருப்பதில்தான் ஏற வேண்டும். அந்த 8 சதவீதம் முழுக்க இந்த மிச்சத்திலிருந்துதான் கழியும். வெயில் ஊரில் இரண்டு பேர் என்றால் 65 ஹெச்.பி.க்குக் குறைந்து யோசிக்க வேண்டாம்.

கேள்வி: ஸ்புரூஸ் மரம் கிடைக்கவில்லை. தேக்கு போடலாமா? ப்ளைவுட்டுக்கு மரைன் ப்ளை போதுமா? (சிங்கப்பூர்)

பதில்: தேக்கு வேண்டாம். உறுதியில் குறையில்லை, ஆனால் ஸ்புரூஸைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எடை. அதைவிட மோசம், தேக்கில் இருக்கும் எண்ணெய். இந்த விமானத்தின் மூட்டுகள் எல்லாமே பசையை நம்பி நிற்பவை. எண்ணெய்ப் பிசுக்குள்ள மரத்தில் பசை பிடித்ததுபோல் காட்டிவிட்டுப் பின்னால் கழன்று வரும்.

சிட்கா ஸ்புரூஸுக்கு மாற்றாகப் பலரும் எடுப்பது டக்ளஸ் ஃபர். உறுதி கூடுதல், எடையும் கூடுதல், அடிக்கும்போது எளிதில் பிளக்கும். பெயரைவிட முக்கியம் பலகையின் தரம். நீங்கள் கடையில் பார்க்க வேண்டியது இது. நுனிவெட்டில் ஒரு அங்குலத்துக்குக் குறைந்தது 6 வளையமாவது இருக்க வேண்டும். நார் ஓட்டம் 15 அங்குல நீளத்தில் 1 அங்குலத்துக்கு மேல் சாயக் கூடாது. கண்ணால் பார்த்தால் நார் ஏமாற்றும், பலகையின் மேல் ஒரு துளி பேனா மையை விட்டுப் பாருங்கள், அது நார் போகும் வழியிலேயே ஓடும். ஸ்பாருக்கு, அதாவது இறக்கையின் நீளவாட்டு உத்திரத்துக்கு எடுக்கும் பலகையில் கணு, பிசின் பை, குறுக்கே மயிரிழைபோல் ஓடும் அழுத்தக் கோடு எதுவும் கூடாது. அந்தக் கோடு, மரம் நின்ற காலத்திலோ விழுந்தபோதோ நார் மடிந்து நொறுங்கிய இடம். பார்வைக்கு ஒன்றுமில்லாததுபோல் இருந்துவிட்டு அங்கேதான் ஒடியும்.

மரைன் ப்ளை விஷயத்தில், ஒரு துண்டை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து உலர்த்திப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் தூக்கிப் போடுங்கள். பிரியாவிட்டாலும் உள் அடுக்கில் ஓட்டை இருக்கிறதா என்று விளிம்பு முழுக்கப் பார்க்க வேண்டும். மூட்டைப் பிணைக்க மேலே ஒட்டும் கஸ்ஸெட் துண்டுக்கும் உடலின் பக்கச் சுவர்களுக்கும் விமானத் தரமுள்ள பிர்ச் ப்ளையே போடுங்கள். இந்த ஒன்றில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: மூட்டுக்கு எந்தப் பசை? ஒட்டியது நிற்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (திருச்சி)

பதில்: அந்தக் காலத்தில் பாலிலிருந்து எடுக்கும் கேசின் பசை. ஈரமும் பூஞ்சையும் சேர்ந்தால் அது போயிற்று. இன்று பெரும்பாலும் டி-88 எபாக்ஸி, ஒன்றுக்கு ஒன்று அளவில் கலப்பது. ரிசார்சினால் பசை இதைவிட நீடித்தது என்று பேர் வாங்கியது. ஆனால் அதற்கு மூட்டு இடைவெளியே இல்லாமல் பொருந்த வேண்டும், கிளாம்ப் அழுத்தமும் பலமாக வேண்டும். வீட்டு வேலைக்கு எபாக்ஸிதான் ஒத்துவரும்.

எபாக்ஸியில் நடக்கும் தவறு இதற்கு நேர் எதிர். கிளாம்பை முறுக்கி முறுக்கிப் பசையெல்லாம் வெளியே வந்துவிட, மூட்டு வறண்டுபோகும். இரு பக்கமும் பசை தடவி, விளிம்பு முழுக்க மெல்லிய மணிச்சரமாகப் பசை பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் போதும், அங்கே நிறுத்துங்கள். மழைக்காலத்தில் ஈரம் குடித்த மரத்தில் ஒட்டாதீர்கள். ஈரமானி இருந்தால் 8 முதல் 12 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். மரத்தைப் புதிதாக இழைத்து அன்றைக்கே ஒட்டுங்கள். மழுங்கிய இழைப்புளியால் பளபளவென்று தேய்ந்த பரப்பில் பசை இறங்காது. ப்ளையின் மேல்பூச்சுப் பளபளப்பை மட்டும் லேசாக உப்புத்தாள் போட்டு எடுத்துவிடுங்கள்.

சோதனைக்குக் காசு செலவில்லை. ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் அதே மரத்தில் இரண்டு துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்து வைஸில் பிடித்துச் சுத்தியலால் ஒடியுங்கள். ஒடிந்த முகம் முழுக்க மரநார் கிழிந்து தெரிந்தால் மூட்டு நன்று. ஒரு பக்கம் பசை கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தால் அந்தக் கலவையில் ஒட்டிய மூட்டுகள் அனைத்தையும் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டு பாகமும் சரிவரக் கலக்காததுதான் பெரும்பாலும் காரணம். இன்னொன்று, எபாக்ஸி சூட்டில் இளகும். கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களை வெயில் படும் இறக்கை மேல்பக்கத்துக்கு அடிக்காமல் இருப்பது நல்லது.

கேள்வி: வேலையை எதில் தொடங்குவது? என்னிடம் இருப்பது 10-க்கு 20 அடி அறைதான். (ஈரோடு)

பதில்: ரிப்பில், அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டத்தில் தொடங்குங்கள். கால் அங்குலத்துக்கு அரை அங்குல ஸ்புரூஸ் ரீப்பர், மூட்டுக்கு மூட்டு 1/16 அங்குல ப்ளை கஸ்ஸெட். நம் ஆசாரிகள் கணக்கில் அரை நூல். ஏறக்குறைய 30 ரிப் வேண்டும். ஒரு பலகையில் முழு அளவு வடிவத்தை வரைந்து, ரீப்பரைப் பிடித்துக்கொள்ளக் கட்டைகள் அடித்துவிட்டால் அதுவே அச்சு. பசை அச்சில் ஒட்டாமலிருக்க மேலே மெழுகுத்தாள். மேல் ரீப்பரின் முன்வளைவு நனைக்காமல் வளைந்தால் ஒடியும். வெந்நீரில் ஊறவைத்து, வேறொரு அச்சில் வளைத்துக் காயவிட்டு, நன்றாக உலர்ந்தபின் ஒட்டுங்கள். நாளுக்கு ஒன்று என்று வைத்தாலும் ஒரு மாதத்தில் முடிந்துவிடும், கையும் பழகிவிடும். கெட்டுப்போனாலும் நஷ்டம் சில ரூபாய்தான்.

அறை நீளம் போதும். பழைய வரைபடத்தில் இறக்கை 29 அடியும் ஒரே துண்டு. நீங்கள் மூன்று துண்டு இறக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத் துண்டுகள் ஏறக்குறைய 13 அடி வீதம். உடல் முடிந்ததும் வாசல் வழியே வெளியே போகுமா என்று இப்போதே அளந்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம், சுவரை இடித்தவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: ஏர் கேம்பர் வால் கனமானது என்று படித்தேன். எனக்கு 100 கிலோ. நான் பறக்கலாமா? (டொராண்டோ)

பதில்: வந்த கடிதங்களில் இதுதான் முக்கியமான கேள்வி. இந்த விமானத்தில் தனியாகப் பறப்பவர் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். முன் இருக்கை இறக்கைக்கு நேர் கீழே, எடைமையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே யார் உட்கார்ந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. பின் இருக்கை அப்படியில்லை.

இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 60 அங்குலம். எடைமையம் முன்விளிம்பிலிருந்து 15 அங்குலத்துக்கும் 20 அங்குலத்துக்கும் நடுவே விழ வேண்டும். 20-ஐத் தாண்டினால் ஸ்டிக் (விமானி கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோல்) லேசாகி, விமானம் மூக்கைத் தானாகத் தாழ்த்தாது. ஸ்டாலாகி (இறக்கை தூக்கும் திறனை இழந்து) ஸ்பின்னில் (சுழன்றபடி) விழுந்தால் மீட்கவே முடியாமல் போகலாம்.

எடை போடுவது இப்படி. உடலின் மேல் லாஞ்சரானில் (முன்னிருந்து வால் வரை ஓடும் நீளச் சட்டம்) ரசமட்டம் வைத்து, வாலை ஸ்டூலில் தூக்கி மட்டமாக நிறுத்துங்கள். இரண்டு சக்கரத்துக்கும் வாலுக்கும் தனித்தனித் தராசு. முன்விளிம்பிலிருந்தும் சக்கர அச்சிலிருந்தும் வால் சக்கரத்திலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறித்து அளவெடுங்கள். கதவைச் சாத்திவிடுங்கள், மெல்லிய காற்றே தராசை ஆட்டிவிடும். உதாரணத்துக்கு மொத்த வெற்று எடை 650 பவுண்டு, அதில் வாலில் விழுவது 25 பவுண்டு, அச்சு முன்விளிம்புக்கு 4 அங்குலம் பின்னே, அச்சிலிருந்து வால் சக்கரம் 143 அங்குலம் என்று வையுங்கள். 25-ஐ 143-ஆல் பெருக்கி 650-ஆல் வகுத்தால் 5.5. அதோடு 4-ஐக் கூட்டினால் வெற்று எடைமையம் 9.5 அங்குலம்.

இனி ஆளை ஏற்றுவோம். பின் இருக்கை 54 அங்குலத்திலும், இறக்கையில் உள்ள டாங்க் 18 அங்குலத்திலும் இருக்கட்டும், பெட்ரோல் 60 பவுண்டு. 180 பவுண்டு ஆள் உட்கார்ந்தால் மொத்தம் 890 பவுண்டு, எடைமையம் 19.1 அங்குலம். வரம்புக்குள்தான், ஆனால் ஓரத்தில். 100 கிலோ என்பது 220 பவுண்டு. அதைப் போட்டால் மொத்தம் 930 பவுண்டு, எடைமையம் 20.6 அங்குலம். வரம்பைத் தாண்டியாயிற்று. இந்தக் கற்பனை விமானத்தில் நீங்கள் பறக்கக் கூடாது.

வழி இல்லாமல் இல்லை. இந்த வடிவமைப்பின் பெரிய வசதி, இறக்கை உடலோடு சேராமல் நாலு குட்டை ஸ்ட்ரட்டின் மேல் நிற்பது. அவற்றைப் பின்னுக்குச் சாய்த்து இறக்கையையே பின்னே தள்ளலாம். இறக்கை எடை 150 பவுண்டு என்று கொண்டு, அதை 2 அங்குலம் பின்னே தள்ளினால் அதே 220 பவுண்டு ஆளோடு எடைமையம் 19.0-க்கு வந்துவிடும். 3, 4 அங்குலம் வரை தள்ளியவர்கள் உண்டு. தள்ளியபின் சாய்வுக் கம்பிகளின் நீளம், ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) கேபிள் போகும் வழி எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். பின் இருக்கையில் ஏறும் இடமும் குறுகும். லேசான ஏ-65 போட்டால் எஞ்சின் மவுண்டை நீட்டி மூக்கை முன்னே கொண்டுபோவது இன்னொரு வழி. இதைத் துணி போர்த்தும் முன்பே கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். மூக்கில் ஈயம் கட்டிச் சமாளிப்பது கடைசி வழி. இழுக்க 65 ஹெச்.பி. மட்டுமே இருக்கிற வண்டியில் அது வீண் சுமை.

வாலில் சேரும் எடைதான் பலர் கண்ணில் படாமல் போவது. மேலே சொன்ன 890 பவுண்டு கணக்கில், வால் சக்கரத்தின் இடத்தில் கூடும் ஒவ்வொரு பவுண்டும் எடைமையத்தை அங்குலத்தில் ஏழில் ஒரு பங்கு பின்னே இழுக்கும். அழகாக இருக்கிறதே என்று 5 பவுண்டு கூடுதலான வால் சக்கரத்தை மாட்டினால் முக்கால் அங்குலம் போயிற்று. வாலில் அசையும் பலகைகளான ரட்டர், எலிவேட்டரில் நாலாவது கோட்டு பெயின்ட் அடிக்கும் கையை இந்தக் கணக்கு நிறுத்த வேண்டும்.

டாங்க் எங்கே என்பதும் இதில் சேரும். டாங்க் மூக்கில் இருந்தால் பெட்ரோல் தீரத் தீர எடைமையம் பின்னே நகரும். புறப்படும்போது சரியாக இருந்தது இறங்கும்போது தாண்டியிருக்கும். ஆகவே மூக்கு டாங்க் வைப்பவர்கள் காலி டாங்கோடும் கணக்குப் போட வேண்டும்.

கேள்வி: டாங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பம்ப் வேண்டாமா? (சேலம்)

பதில்: இறக்கை டாங்க் உயரத்தில் இருப்பதால் தானாக இறங்கும். ஆனால் சோதிக்காமல் நம்பக் கூடாது. மூக்கை ஏறும் கோணத்துக்கும் கொஞ்சம் அதிகமாகவே தூக்கி நிறுத்தி, டாங்கில் ஒரு காலன் மட்டும் விட்டு, கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி அளவுப் பாத்திரத்தில் பிடியுங்கள். எஞ்சின் முழு வேகத்தில் குடிப்பதைப்போல் ஒன்றரை மடங்கு வர வேண்டும். மணிக்கு 6 காலன் குடிக்கும் எஞ்சினுக்கு 9 காலன் வீதம், அதாவது ஒரு காலன் 6 நிமிடம் 40 நொடிக்குள் இறங்க வேண்டும். குறைந்தால் பெரும்பாலும் குழாய் எங்கோ மேலேறி வளைந்து காற்று அடைத்திருக்கும், இல்லையேல் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கும். நிறுத்தி வைத்த விமானத்தில் குளவிக்கு அந்தத் துளை ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: துணி போர்த்தும்போது வார்னிஷ் உரிந்துவிட்டது. ஏன்? (டல்லஸ்)

பதில்: சாதாரண வார்னிஷ் அடித்திருப்பீர்கள். பாலியஸ்டர் துணியை ஒட்டும் பசையிலும் அதன் முதல் பூச்சிலும் உள்ள கரைப்பான் அதைக் கிளப்பிவிடும். துணி தொடும் இடங்களிலாவது இரண்டு பாக எபாக்ஸி வார்னிஷ் வேண்டும். உரிந்த இடத்தைச் சுரண்டி, அதை அடித்து, முழுதாக இறுகவிட்டுத் தொடருங்கள்.

துணியை இஸ்திரிப் பெட்டியால்தான் இறுக்குவது. முதலில் 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு சுற்று, கடைசியாக 350-ல். இஸ்திரிப் பெட்டியின் டயலை நம்பாமல் வெப்பமானி வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் எலிவேட்டர் முறுக்கிக்கொள்ளும், இருபுறமும் மாறி மாறிச் செய்யுங்கள். அதற்கு அப்புறம் ரிப்போடு துணியைச் சேர்த்துத் தையல். புரொப்பெல்லர் காற்று படும் இடத்தில் இரண்டரை அங்குலத்துக்கு ஒன்று, மற்ற இடத்தில் பொதுவாக மூன்றரை. கீழ்த்துணியில் ஒவ்வொரு ரிப் இடைவெளியிலும் பின்விளிம்பை ஒட்டி நீர் வடியத் துளை விட மறந்தால், ஈரம் உள்ளே தங்கி ஐந்தாறு வருடத்தில் மரம் உளுத்துப்போகும்.

கேள்வி: அமெரிக்காவில் சட்டப்படி என்ன செய்ய வேண்டும்? செலவு? (நியூ ஜெர்சி)

பதில்: அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் சோதனை வகை, சொந்தமாகக் கட்டிய விமானம் என்ற பிரிவில் வரும். வேலையில் பாதிக்கு மேல் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுகிறவரே செய்திருக்க வேண்டும் என்பது விதி. வரைபடத்திலிருந்து கட்டும்போது அதில் சிக்கலே வராது. தேதியோடு குறிப்பும் புகைப்படமும், குறிப்பாகத் துணி மூடிவிடும் மூட்டுகளின் படம், ஆய்வாளருக்குக் காட்ட வேண்டும். தரச்சான்று பெற்ற எஞ்சினும் அதற்கேற்ற புரொப்பெல்லரும் என்றால் வழக்கமாக 25 மணி நேரம், கார் எஞ்சின் என்றால் 40 மணி நேரம், குறித்த எல்லைக்குள் பயணி இல்லாமல் பறந்து காட்ட வேண்டும். கட்டியவர் ரிப்பேர்மேன் சான்று வாங்கிக்கொண்டால் ஆண்டுச் சோதனையைத் தானே செய்து கையெழுத்திடலாம். விற்றால் அந்தச் சான்று வாங்கியவருக்குப் போகாது.

செலவில் பெரும் பங்கு எஞ்சின். பழைய எஞ்சினை நியாய விலைக்குப் பிடித்து, மரத்தைத் தானே அறுத்து, 15,000 முதல் 25,000 டாலருக்குள் முடித்தவர்கள் உண்டு. இதே பணத்துக்குப் பறக்கும் நிலையில் உள்ள பழைய ஏர் கேம்பரே கிடைக்கலாம். கட்டும் ஆசை இல்லாமல் பறக்கும் ஆசை மட்டும் இருந்தால் அதையே வாங்குங்கள். ஜூலையில் விஸ்கான்சின் மாநிலம் பிராட்ஹெட்டில் ஏர் கேம்பர்காரர்கள் கூடுவார்கள், கட்டுவதற்கு முன் ஒரு முறை போய்ப் பின் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். இறக்கைக்கும் கம்பிக்கும் நடுவே உடம்பை மடித்து நுழைய முடிகிறதா என்பது வரைபடத்தில் தெரியாது.

கேள்வி: இந்தியாவில் இப்படிக் கட்டிப் பறக்க முடியுமா? (தஞ்சாவூர்)

பதில்: மும்பை விமானி அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானத்துக்கு 2017-ல் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் பதிவும், 2019-ல் பறக்கும் அனுமதியும் கிடைத்தன. அதற்கு முன் அவர் பல ஆண்டுகள் அலைய வேண்டியிருந்தது. மரம் வாங்கும் முன்னே டி.ஜி.சி.ஏ.வுக்கு எழுதி, இன்றைய விதி என்ன என்று எழுத்திலேயே பதில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: செஸ்னா 152-ல் பயிற்சி முடித்தவன். ஏர் கேம்பரை ஓட்ட வேறு என்ன தெரிய வேண்டும்? (மெல்பர்ன்)

பதில்: வால் சக்கர விமானத்தில் தனிப் பயிற்சி கட்டாயம் எடுங்கள். அடுத்தது, எஞ்சின் நின்றால் இது மிதந்துகொண்டே போகாது. எடை குறைவு, காற்றுத் தடை அதிகம், வேகம் நொடியில் போய்விடும். ஏறும்போது எஞ்சின் நின்றால் செஸ்னாவில் மூக்கைத் தாழ்த்துவதைவிட வேகமாகவும் ஆழமாகவும் தாழ்த்த வேண்டும். ஸ்டால் வேகம் 35 முதல் 40 மைல் என்றாலும், இறங்க வரும்போது 55-க்குக் குறையவிட்டால் கடைசியில் ஸ்டிக்கை இழுத்தாலும் விமானம் கேட்காது, தொப்பென்று உட்காரும்.

கேள்வி: மரப் புரொப்பெல்லரைக் கழற்றியபோது ஹப் (புரொப்பெல்லரை எஞ்சினோடு பிடித்திருக்கும் நடுப்பகுதி) பட்ட இடம் கருகியிருந்தது. எதனால்? (பெங்களூரு)

பதில்: போல்ட் தளர்ந்து ஓடியிருக்கிறது. மரப் புரொப்பெல்லரைத் திருப்புவது போல்ட் தண்டு அல்ல, ஹப் தட்டுக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள உராய்வு. மழைக்காலத்தில் இறுக்கியது கோடையில் மரம் சுருங்கியதும் தளரும். அப்போது ஹப் நூலளவு வழுக்கி வழுக்கி உராய்வுச் சூட்டில் மரம் கருகும், பின் போல்ட் துளை நீள்வட்டமாகும், அப்புறம் போல்ட்டே அறும். கருகல் மேலோட்டமாக இருக்கிறதா, துளை வரை போயிருக்கிறதா என்பதைப் புரொப்பெல்லர் செய்தவரிடம் காட்டுங்கள், அதுவரை ஓட்ட வேண்டாம். புதிதாக மாட்டினால் தயாரித்தவர் சொன்ன டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவுக்கு எதிரெதிர் போல்ட்டாக இறுக்குங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் ஒரு முறை, பின் 25 மணி நேரத்துக்கு ஒரு முறை, பருவம் மாறும்போதும் ஒரு முறை டார்க் ரெஞ்ச் போட்டுப் பாருங்கள். மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவி) சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே புரொப்பெல்லரைத் தொடுங்கள். அணைத்த பின்னும் அது எப்போது வேண்டுமானாலும் சுழலலாம் என்று எண்ணியே நில்லுங்கள், கிரவுண்டு ஒயர் அறுந்திருந்தால் சுவிட்ச் அணைந்திருப்பதற்கு அர்த்தமில்லை.